'புலி பில்ல' என்று கத்தினாள் சுப்பம்மா

காடே இல்லாத ஊரில் காட்டிலாகா வேலை பார்த்தவன் நான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஏரியும் வயலும் தொழிற்சாலையுமாகக் கிடந்த பகுதிதான் எங்கள் எல்லை. அண்ணனூர் ரயில் பணிமனையில் என் அப்பாவோடு வேலை செய்தவர்கள் என்னைக் காக்கிச் சட்டையில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா நைனா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல இன்னிக்கு எத்தினி யானை கீது?" என்று கேட்பார்கள். நானும் சளைக்காமல், "ஷிப்டு முடிஞ்சு இப்பதான் வெளிய வருது, ஓரமாப் போங்க" என்பேன்.

முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முகப்பேரில் இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சரக அலுவலகத்துத் தம்பிகள் ஓய்வு பெற்றவர்களிடமெல்லாம் அனுபவத்தை எழுதி வாங்குகிறார்கள். என்னிடம் வந்தபோதெல்லாம் எதையாவது சொல்லி நழுவினேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள் ஜெசிந்தா. வரும் திங்கட்கிழமை அவள் வனவர் பயிற்சிக்குக் கோவை போகிறாள். அவள் அம்மாவைப் போல டீச்சர் ஆவாள் என்றுதான் நினைத்திருந்தேன். உத்தரவு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்க செஞ்ச வேலைதானேப்பா, உங்களுக்கு என்ன பயம்?" என்கிறாள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரம் அளக்கவும், வெட்டிய மரத்தில் சுத்தியல் முத்திரை குத்தவும், தீ பரவாமல் கோடு வெட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். விலங்கு என்று பாடத்தில் வந்ததெல்லாம் சுவரில் மாட்டிய படத்தில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் பூந்தமல்லிப் பக்கம் வனக்காப்பாளனாக வந்தபோது தயாளன் சார் அங்கே ரேஞ்சராக இருந்தார். என் வேலை அவரோடுதான் தொடங்கியது.

திருத்தணிப் பக்கத்துக்காரர். குள்ளமான மனிதர், தடித்த கண்ணாடி. யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குடித்துவிட்டு வந்து அலுவலக வாசலில் நின்று திட்டுகிறவனிடமும், "சொல்லுங்கண்ணே, தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்பார். அவன், "தண்ணி குச்சிட்டுதான் சார் வந்துகீறேன்" என்பான். அதற்கும் அவர் முகத்தில் சிரிப்பு வராது.

எங்கள் பக்கத்தில் சிறுத்தையை யாரும் சிறுத்தை என்று சொல்ல மாட்டார்கள். எல்லாம் புலிதான். தெருநாய்கள் சேர்ந்து கன்றுக்குட்டியைக் கடித்துப் போட்டாலும் அன்றைக்கு ஊருக்குள் புலிதான் வந்திருக்கும். புகார் வந்தால் சார் செய்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். வரப்புக்குக் கொஞ்ச தூரம் முன்பே ஜீப்பை நிறுத்திவிடுவார். செருப்பைக் கழற்றுவார். தடம் இருக்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் மிதித்துவிடாமல் அதன் மேல் கூடையையோ மண்சட்டியையோ கவிழ்க்கச் சொல்வார். பிறகு குந்தி உட்கார்ந்து நகக்குறி இருக்கிறதா என்று பார்ப்பார். நகம் பதிந்திருந்தால் நாய். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து, தடத்துக்குப் பக்கத்திலேயே தன் உள்ளங்கையை மண்ணில் அழுத்தி எடுப்பார். இரண்டின் விளிம்பையும் ஒப்பிட்டால் தடம் எவ்வளவு பழசு என்று தெரியும். கடைசியில்தான் கண்ணாடித் துண்டு. நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்துத் தடத்துக்கு மேலே அதை நிறுத்தி, பேனாவால் வரைந்துகொள்வோம். முன்னங்கால் ஒன்று, பின்னங்கால் ஒன்று. பால்மாவு டப்பாவை வளையமாக வெட்டி வைத்துச் சாந்து ஊற்றி அச்சு எடுப்பது, மண் ஈரமாக இருந்தால் மட்டும்.

தடத்தைவிட அவர் அதிக நேரம் செலவழித்தது ஆட்களிடம்தான். "கண்ணால பாத்தது யாரு? அவங்க வாயால சொல்லட்டும்" என்பார். பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொடுத்தால், "நீங்க இருங்கண்ணே, உங்க முறை வரும்" என்று கையமர்த்துவார். பார்த்தவர் தமிழில் சொன்னால் தமிழ், தெலுங்கில் சொன்னால் தெலுங்கு. பூந்தமல்லிக்கு மேற்கே போனால் இரண்டும் கலந்துதான் காதில் விழும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மொழிபெயர்த்து அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. அப்போது இது எனக்கு வீண் வேலையாகத் தெரிந்தது.

பெரும்பாலும் நாயாகவே முடிந்த இந்தப் புகார்களில், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு உண்மையான தடம் ஒன்று வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பு. மணலில் நகமில்லாத தடம், பாதத்தின் பின்மெத்தையில் மூன்று மடிப்பு. பின்னங்கால் நீளமாக, ஒடுங்கியிருந்தது. "பொட்டை" என்றார் சார். நாகலாபுரம் மலைப்பக்கமிருந்து ஆற்றுப்படுகையோடு முள்புதர் முள்புதராக இறங்கி வந்திருக்கலாம் என்று நினைத்தார். தோப்பில் பகல் பொழுதைப் போக்கிவிட்டு, இரவில் நாய்களைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

அதைப் பிடிக்கக் கூண்டு கேட்கலாமா என்று நான் கேட்டேன். "பிடிச்சு எங்க விடுவீங்க லூர்து? விட்ட இடத்துல அதுக்கு வழி தெரியாது. தெரியாத இடத்துலதான் அது தப்பு பண்ணும்" என்றார். அதற்குப் பதிலாக வீடு வீடாகப் போனோம். ஆட்டைப் பட்டிக்குள் கட்டுங்கள், பட்டிக்குக் கூரை போடுங்கள், இருட்டில் வெளியே ஒதுங்கப் போகிறவர்கள் பேசிக்கொண்டே போங்கள், பார்த்தால் துரத்தாதீர்கள். "அது மட்டும் நாய துரத்தலாமா சார்?" என்று ஒருவன் கேட்டான். இருந்தாலும் கேட்டுக்கொண்டார்கள். மாதக்கணக்கில் அது அங்கே இருந்தது. வாரம் ஒரு முறை சைக்கிளில் போய்த் தடம் பார்ப்பது என் வேலை. பிறகு மணலில் தடம் குறைந்தது. தோப்பை ஒட்டி நன்றாக வளர்ந்த கரும்புத் தோட்டம் இருந்தது. அது அதற்குள் போய்விட்டிருந்தது. ஏன் போனது என்று யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம், காலை பத்து மணி இருக்கும், சைக்கிளில் ஒருவன் அலுவலகத்துக்குள் பாய்ந்து வந்தான். "சார், புலி ஒரு புள்ளய தூக்கிகினு பூட்ச்சு சார்!"

சாரும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். எனக்கு என் வீட்டு ஞாபகம்தான். ஜெசிந்தாவுக்கு அப்போது ஐந்து வயது. காலையில் வாசலில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். கதவைத் தாழ் போடச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று நினைத்தேன். அவள் இருப்பது அம்பத்தூரில், புலி இருப்பது இங்கே என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தத் தாழையே நினைத்துக்கொண்டு போனேன்.

கரும்புத் தோட்டத்தின் தெற்கு வரப்பில் ஊரே நின்றது. நடுவில் கனகா என்ற பெண் மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய நான்கு வயது மகள் ராணியைக் காலையிலிருந்து காணவில்லை. வெட்டுக்கத்தியும் தடியுமாக ஆண்கள். ஒருவன் சாரைப் பார்த்து, "நீங்க தள்ளிக்கங்க சார். உங்க பேச்ச கேட்டுகினுதான் இத்தினி நாளு சும்மா கெடந்தோம். சோகையில ஒரு குச்சி கிழிச்சிப் போட்டா, அது வெளிய வந்துதான் ஆவணும்" என்றான்.

கரும்பின் காய்ந்த தாளைத்தான் சோகை என்பார்கள். வெயில் நேரத்தில் ஒரு தீக்குச்சி போதும்.

"உள்ள புள்ள இருந்தா?" என்று கேட்டார் சார்.

"இன்னுமா சார் புள்ள..." என்று தொடங்கியவன், கனகா தலை தூக்கிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சரி. கண்ணால பாத்தது யாரு?"

ஒருவன் இன்னொருவனைக் காட்டினான். அவன், மோட்டார் கொட்டகையில் சொன்னார்கள் என்றான். மோட்டார் கொட்டகைக்காரன், கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியது காதில் விழுந்தது என்றான். சார் என்னைப் பார்த்தார். கேட்டவர்களைக் கேட்டுக்கொண்டே நான் ஓடினேன். கடைசியில் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்த வெட்டுக்கூலிகளிடம் வந்து நின்றேன். சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்தவர்கள், எல்லோரும் தெலுங்கு. அவர்களில் சுப்பம்மா என்ற பெண்தான் பார்த்தவள். முதலில் கத்தியவளும் அவள்தான். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு உலுக்கி உலுக்கிக் கேட்டதில் மிரண்டுபோய், முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கூடையையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

சார் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "என்ன பாத்தீங்கம்மா?"

"புலி பில்ல" என்றாள் சுப்பம்மா.

"தோ, சொல்றா பாரு! புலி, புள்ள!" என்று கூட்டம் கத்தியது. கனகா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சார் கையைத் தூக்கி, கூட்டம் அடங்கும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவரி பில்லம்மா?" யாருடைய பிள்ளை?

சுப்பம்மா அவரை விநோதமாகப் பார்த்தாள். இதையெல்லாமா ஒருவர் கேட்பார் என்பது போல. "புலிதே சாரு!" என்றாள். புலியுடையதுதான். இரண்டு விரலைக் காட்டி, "கள்ளு தெரவலேது" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் பில்ல என்றால் குட்டி. நாய்க்குட்டியும் பில்லதான், புலிக்குட்டியும் பில்லதான். கரும்பு வெட்டும்போது சோகைக்கு நடுவில் இரண்டு சிறுத்தைக் குட்டிகளைப் பார்த்துவிட்டு, 'புலிக்குட்டி, புலிக்குட்டி' என்று அவள் கத்தியிருக்கிறாள். அது மோட்டார் கொட்டகைக்கு வந்தபோது 'புலி, புள்ள' ஆகியிருக்கிறது. ஊருக்குள் போனபோது புலி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

பின்னாலிருந்து ஒருவன், "கள்ளா? கள்ளு எங்க கீது மாமே?" என்றான்.

தெலுங்கில் கள்ளு என்றால் கண். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை என்றுதான் சுப்பம்மா சொன்னாள். சார் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, கேட்டவனின் முதுகில் நாலு பேர் அடித்தார்கள். அங்கே நின்ற அத்தனை பேரும், தடியைப் பிடித்திருந்தவர்கள் உட்பட, வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வடக்கு மூலையில் புகை எழுந்தது.

ராணியின் அப்பன் முனுசாமி இங்கே நடந்தது எதுவும் தெரியாமல், தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய்க் கொளுத்திவிட்டிருந்தான்.

இப்போது கனகா வேறு மாதிரி அலறினாள். புலி தூக்கவில்லை என்றால் பிள்ளை எங்கே? விளையாடப் போய்க் கரும்புக்குள்தான் இருக்கிறதா? எந்தக் கரும்பைக் கொளுத்துவோம் என்று நின்றார்களோ, அதே கரும்பில் அத்தனை பேரும் வெட்டுக்கத்தியோடு பாய்ந்தார்கள். சார் அவர்களைக் குறுக்கே வரிசையாக நிறுத்தி, தீக்கு முன்னால் கரும்பை வெட்டிச் சோகையை அள்ளி வீசி வெற்றுத் தரை ஆக்கச் சொன்னார். ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து, "லூர்து, உள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சுப்பம்மா தன் கூடையை என்னிடம் நீட்டி, கரும்பு வரிசைகளுக்கு நடுவே எந்தச் சால் என்று கைகாட்டினாள். கரும்புக்குள் ஆள் குனிந்துதான் போக முடியும். சோகை முகத்தைக் கீறியது. "ராணி, ராணி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். ராணியின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் மனதில் வந்த முகமெல்லாம் ஜெசிந்தாவுடையது.

குட்டிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாம்பல் நிறம், பூனைக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கைவாடை படக்கூடாது என்பதால் சோகையோடு சேர்த்து ஒன்றை அள்ளிக் கூடையில் வைத்தேன். இரண்டாவதுக்குக் குனிந்தபோது மரம் அறுப்பது மாதிரி ஒரு சத்தம். அடுத்த சாலில், தண்டுகளுக்கு இடையே தாய்ச் சிறுத்தை இருந்தாள். காது இரண்டும் தலையோடு ஒட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பின்னால் புகை வந்துகொண்டிருந்தது.

ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, கண்ணுக்குள் பார்க்கக்கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததனால் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கால் வரவில்லை, அதனால் நின்றேன். பிறகு கை தானாக இரண்டாவது குட்டியை எடுத்துக் கூடையில் வைத்தது. ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தேன். அவள் பாயவில்லை. போகவும் இல்லை. நான் ஒரு சாலில், அவள் அடுத்த சாலில், சோகை முறிகிற சத்தம் என் கூடவே வந்தது. இவன் என் பிள்ளைகளை என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. நான் நல்லதுக்குத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல என்னிடம் மொழி இல்லை.

கரும்பை விட்டு வெளியே வந்து சவுக்குத் தோப்பின் விளிம்பில் கூடையை வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றேன். கரும்பை வெட்டிய இடத்தோடு தீ நின்றிருந்தது. கால்வாசித் தோட்டம் போயிருக்கும். முனுசாமியும் தீ அணைத்துக்கொண்டிருந்தான். யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எரிகிற சோகையை வெறுங்கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "நான்தான் சார் வச்சேன், என் புள்ள உள்ள கீதா சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது சென்னீர்குப்பம் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் முனுசாமியின் தம்பி. முன்பக்கக் கம்பியில் ராணி உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் பிள்ளையை டீக்கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அவள் கையில் பாதி கடித்த பொறை ரொட்டி.

"இன்னாண்ணே இவ்ளோ கூட்டம், ஓட்டு கேக்க வந்துகீறாங்களா?" என்று கேட்டான் தம்பி.

முனுசாமி சைக்கிளிடம் ஓடினான். வெந்த கையைப் பிள்ளை மேல் வைக்க முடியாமல், முழங்கையால் அவளை அணைத்துக்கொண்டான். "நைனா, உம்மேல பொகை நாத்தம்" என்றாள் ராணி. கனகா எழுந்து போய் மைத்துனன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அந்தப் பொறையை வாங்கித் தானே தின்றாள்.

மேலே இருந்து செய்தி வந்தது, குட்டிகளை உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுவந்துவிடச் சொல்லி. சார், "தாய் இருக்கு சார், சாயங்காலம் வரை டைம் குடுங்க" என்று மட்டும் சொன்னாராம். ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். காலையில் கொளுத்துவோம் என்று நின்றவர்கள்தான். கனகாதான் எல்லோரையும் விரட்டினாள். "ஊட்டுக்குப் போங்கடா, அதும் புள்ளய தேடிகினு வரும்" என்றாள்.

நாங்கள் தூரத்தில் ஜீப்புக்குள் இருந்தோம். பொழுது சாயும் நேரம், வெளிச்சம் மங்குவதற்கு முன்பே தாய் வந்தாள். கூடையை மோந்தாள். ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு தோப்புக்குள் போனாள். மற்றது தனியாகக் கத்தத் தொடங்கியது. இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்றேன். சார் என் தோளில் கை வைத்து அழுத்தினார். ஒன்றை வாயில் கவ்வியிருக்கும்போது இன்னொன்றை நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் விட்டுவிட்டுத்தானே அவள் போயாக வேண்டும். பிறகு அவள் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை சுப்பம்மா அலுவலக வாசலில் நின்றாள். "நா புட்ட ஏது சாரு?" தன் கூடையைக் கேட்டு வந்திருந்தாள்.

அன்றைக்குப் பிறகு அந்தச் சவுக்குத் தோப்பில் தடம் இல்லை. ஆற்றுப்படுகையில் மேற்கு நோக்கிப் போகிற தடம் ஒன்றைக் கண்ணாடியில் வரைந்தோம், அதோடு சரி. தோப்பு இருந்த இடத்தில் இப்போது மனைப் பிரிவுகள்.

ஜெசிந்தா, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எனக்குச் சிறுத்தை மேல் பயம் இல்லை. அது அடுத்த சாலில் என் கூடவே வந்து என்னைப் போக விட்டது. என் பயமெல்லாம் வரப்பில் நிற்கும் கூட்டம்தான். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்ட நல்ல மனிதர்கள், பிள்ளையைக் காணாத அப்பன், அவன் கையில் ஒரு தீப்பெட்டி. அவர்களுக்கு முன்னால் என் மகள் காக்கிச் சட்டையில் தனியாக நிற்பாள் என்பதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் படிக்கும் தம்பிகளில் யாராவது ஒருவர் அவளோடு வேலை செய்ய நேரலாம். அவளிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கண்ணால் பார்த்தவரைத் தேடு, அவர் மொழியில் கேள், எவரி பில்ல என்று கேள். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கூட்டத்தில் எவராவது, 'யாருடா இந்தப் புள்ள, நம்மள தடுக்கிறதுக்கு?' என்று அவளைக் காட்டிக் கேட்டால், தயவுசெய்து பக்கத்தில் போய் நின்று சொல்லுங்கள். பூந்தமல்லி லூர்துசாமியின் பிள்ளை.